ஹட்டன் குளிரில் ஒரு கம்பைல்

ஹட்டனில் அடைமழை பெய்த ஓர் இரவில், என் பழைய மடிகணினியில் ஜென்டூ என்னும் லினக்ஸ் வழங்கலை நிறுவி, மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலருக்கு, இந்தச் செயலிக்கே ஏற்றபடி தொகுக்கச் சொல்லும் ‘மார்ச்=நேட்டிவ்’ என்னும் தெரிவைக் கொடுத்து, ஒவ்வொரு பொதியையும் மூலநிரலிலிருந்தே தொகுக்கத் தொடங்கினேன். வழக்கமான லினக்ஸ் வழங்கல்கள் பல, 2003இல் வெளிவந்த முதல் 64 பிட் ஏஎம்டி செயலியிலும் ஓடும்படியே தம் பொதிகளைத் தொகுக்கின்றன. ஆகவே, 2013இல் இன்டெலின் ஹாஸ்வெல் செயலிகளோடு வந்த, பல எண்களை ஒரே நேரத்தில் கணிக்கும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் என் செயலியில் இருந்தும், அப்படித் தொகுக்கும்போது கம்பைலர் அவற்றைத் தொடுவதில்லை.

நான்கு ஜிபி நினைவகத்தில் நான்கு தொகுப்பு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டது என் பேராசை. பெரிய சி++ கோப்புகள் ஆளுக்கு ஒரு ஜிபிக்கு மேல் விழுங்க, கணினி உறைந்துபோனது. ‘-ஜே2’ என்று இரண்டு வேலைகளாகக் குறைத்த பிறகே வேலை நகர்ந்தது. விசிறி விடியும்வரை இரைந்தது. அந்தச் சூட்டில் கை காய்ந்துகொண்டதை மறைப்பானேன்?

காணொளிகளை மாற்றியமைக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் வேகம் கூடியதாகத் தெரியவில்லை. அதன் முக்கியப் பகுதிகள் கையால் எழுதிய அசெம்பிளி என்னும் தாழ்நிலை மொழியில் இருப்பதால், செயலியின் திறனை ஓடும்போதே கண்டறிந்து அது ஏற்கெனவே பயன்படுத்திக்கொள்கிறது. வேகத்துக்காக நிரலைக் கூடுதலாகச் செம்மைப்படுத்தும் ‘ஓ3’ தெரிவைச் சேர்த்துத் தொகுத்த, எண்கணிப்புக்காக நானே எழுதிய சி நிரல்தான் தெளிவாக விரைந்தது. அதைத் தம்பியின் 2011ஆம் ஆண்டுக் கணினிக்குக் கொண்டுபோனபோது, அதன் செயலிக்கு ஏவிஎக்ஸ்2 தெரியாததால், ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்ற ஒரே வரியோடு நின்றுவிட்டது. அவனுக்கென, அந்தச் செயலித் தலைமுறையின் பெயரிட்டு ‘மார்ச்=சாண்டிபிரிட்ஜ்’ என்று மறுபடி தொகுத்துக் கொடுத்தேன்.