ஒரே ஸ்பெக் கோப்பு, மூன்று டிஸ்ட்ரோ

ஆர்பிஎம் பேக்கேஜை எப்படி உருவாக்குவது என்று சொல்வது ஸ்பெக் கோப்பு. ஃபெடோரா என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவில் ஒழுங்காக பில்ட் ஆகும் ஸ்பெக் கோப்பை அப்படியே ஓப்பன்சூசேயில் போட்டால், முதல் அடி பெரும்பாலும் பில்டுக்குத் தேவையான பேக்கேஜ்களைச் சொல்லும் பில்ட்ரிக்வயர்ஸ் வரியில்தான் விழும். எஸ்கியூலைட் தரவுத்தள லைப்ரரியின் டெவலப்மென்ட் பேக்கேஜ் அங்கே ‘எஸ்கியூலைட்-டெவல்’, இங்கே ‘எஸ்கியூலைட்3-டெவல்’. உடனே கை %இஃப் நிபந்தனைப் பக்கம் போகும். பத்து லைப்ரரிக்குப் பத்து %இஃப் போட்டு முடித்த பிறகு மஜேயா என்ற மூன்றாவது டிஸ்ட்ரோவும் வேண்டும் என்பார்கள். ஒவ்வொன்றிலும் இன்னொரு கிளை.

பேக்கேஜின் பெயரை விட்டுவிட்டு, அது எதைத் தருகிறதோ அதைக் கேட்கலாம். ‘பிகேஜிகான்ஃபிக்(எஸ்கியூலைட்3)’ என்று எழுதினால் மூன்றிலும் செல்லும். லைப்ரரியோடு வரும் .பிசி கோப்பைப் பார்த்து ஆர்பிஎம்மே இந்தப் பெயரைப் பதிந்துவிடுகிறது. பேர்ல், சிமேக் தொகுதிகளுக்கும் இதே வழி உண்டு. பாதைகளிலும் ‘லிப்64’ என்று கையால் அடிக்காமல் _லிப்டிர் மேக்ரோவை (அந்தந்த டிஸ்ட்ரோவுக்கேற்ற மதிப்பாக விரியும் பெயர்) போடுவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் சில %இஃப் மிஞ்சும். பதிப்பெண்ணைத் தரும் ஃபெடோரா மேக்ரோவுக்கு முன்னால் ஒரு 0 ஒட்டுவது எல்லாருக்கும் பழக்கம்: மேக்ரோ இல்லாத இடத்தில் வெற்றிடம் மிஞ்சி பிழை வராமல், வெறும் 0 நிற்கும். வம்பும் அந்த 0-வில்தான் இருக்கிறது. ‘ரெட்ஹாட் பதிப்பு 8-க்குக் கீழ்’ என்ற நிபந்தனை ஓப்பன்சூசேயில் ‘0 < 8’ என்று விரிந்து உண்மையாகிவிடும்! பழைய ரெட்ஹாட்டுக்கு எழுதிய சுற்றுவழி சம்பந்தமே இல்லாத டிஸ்ட்ரோவில் ஓடும், பிழைச்செய்தியும் வராது. மேக்ரோ இருக்கிறதா என்று முதலில் கேட்டு, && போட்டு, பிறகுதான் ஒப்பிட வேண்டும். சூசே_வெர்ஷன் மேக்ரோ இன்னொரு தினுசு: ஓப்பன்சூசே லீப் 15 வரிசை முழுதுக்கும் 1500-தான். 15.4, 15.5 என்று பிரித்தறிய எஸ்எல்இ_வெர்ஷன் வேண்டும். அது 150400, 150500 என்று வரும்.

மூலக் கோப்புகளையும் திருத்தங்களையும் அறிவிக்கும் சோர்ஸ், பேட்ச் வரிகளை மட்டும் %இஃப்புக்குள் வைக்கவே கூடாது. எஸ்ஆர்பிஎம் (மூலக் கோப்புகள் அடங்கிய பேக்கேஜ்) எந்த டிஸ்ட்ரோவில் உருவாகிறதோ, அங்கே பொருந்தாத பேட்ச் அதற்குள் ஏறாது. அதை எடுத்துப்போய் மற்ற டிஸ்ட்ரோவில் பில்ட் செய்தால் கோப்பு காணோம் என்று நிற்கும். எல்லா பேட்ச்களையும் மேலே அறிவித்துவிட்டு, மூலத்தைத் தயார் செய்யும் %பிரெப் பகுதியில் ஒட்டும் இடத்தில் மட்டும் நிபந்தனை போடலாம்.

மேக்ரோவால் தீராதது துணைப் பேக்கேஜ்களின் பெயர். ஃபெடோராவில் ‘-லிப்ஸ்’ என்று முடியும். ஓப்பன்சூசேயில் ‘லிப்’ என்று தொடங்கி எஸ்ஓ எண்ணோடு (லைப்ரரியின் இடைமுகப் பதிப்பு எண்) முடியும். 64-பிட் மஜேயாவில் ‘லிப்64’ என்று தொடங்கும். மூன்றையும் ஒரே கோப்பில் திணிப்பதைவிட, பல துணைப் பேக்கேஜ் உள்ள லைப்ரரிக்கு டிஸ்ட்ரோவுக்கு ஒரு கோப்பு வைப்பதே மேல். தனி நிரலுக்கு ஒரே கோப்பு தாராளமாகப் போதும்.

பில்டுக்கு அனுப்புமுன் அந்தந்த டிஸ்ட்ரோ கன்டெய்னரில் ‘ஆர்பிஎம்ஸ்பெக் -பி’ ஓட்டினால், எந்த %இஃப் எப்படி விரிந்தது என்று சில நொடியில் தெரிந்துவிடும். அந்த ‘பி’ பெரிய எழுத்து.