பர்லியார் தாண்டியதும் ஏன் குமட்டுகிறது?

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ் ஏறும்போது கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் பர்லியார் தாண்டியதும் அமைதியாகிவிடுவார். கொட்டாவி வரும். முகம் வெளிறும். வாயில் எச்சில் ஊறும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்பும். அடுத்த இரண்டு வளைவுக்குள் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடுவார். "காலையில தின்னது சேரல" என்று கூட வந்தவர்கள் இட்லியின் மேல் பழியைப் போடுவார்கள். உண்மையில் வயிறு இந்த விவகாரத்தில் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. தொடக்கம் காதுக்குள்ளும் கண்ணிலும். வாந்திக்கு உத்தரவு போடுவது மூளைத்தண்டு. இந்த வரிசை புரிந்துவிட்டால் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். "உயரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் சொல்கிறார்கள். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். உயர மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல், அதுவும் அங்கே போய்ச் சில மணிநேரம் கழித்துத்தான் தலைகாட்டும். பர்லியார் அதைவிட வெகு தாழ்வில் உள்ள ஊர். அங்கே குமட்டினால் காரணம் வளைவுதான். காது அடைப்பதும் வேறு விஷயம்: அது செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுக்காதில் காற்றழுத்தம் சமமாகாததால் வருவது. எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும்.

குமட்டலின் வேர் அதற்கும் உள்ளே, பொட்டெலும்புக்குள் புதைந்திருக்கும் உட்காதில் இருக்கிறது. உட்காது கேட்பதற்கு மட்டுமான உறுப்பு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் ஒரு பகுதிக்குத்தான் அந்த வேலை. மறுபகுதி தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. வளையத்தின் குறுக்களவு சுமார் 6 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் சவ்வுக் குழாயின் துளை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். அதில் எண்டோலிம்ப் என்ற திரவம் நிற்கிறது. தலை திரும்பும்போது குழாய் உடனே திரும்பும், திரவம் ஒரு கணம் பின்தங்கும். பின்தங்கிய திரவம் கூப்புலா என்ற கூழ்த் தடுப்பை வளைக்க, அதில் வேர்விட்டிருக்கும் மயிர்ச்செல்கள் நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. வாளியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு சட்டென்று சுற்றினால் தண்ணீர் தாமதித்துச் சுற்றுமே, அதே சங்கதி.

கால்வாய்களுக்கு அடியில் யூட்ரிக்கிள், சாக்யூல் என்று இரண்டு பைகள். அவற்றில் ஒரு கூழ்ப் படலம். அதன் மேல் சுண்ணாம்புக் கல்லின் அதே பொருளான கால்சியம் கார்பனேட் படிகங்கள் கனமாக உட்கார்ந்திருக்கின்றன. செவிக்கற்கள் என்று சொல்லலாம். தலை சாய்ந்தாலும் வண்டி வேகமெடுத்தாலும் பிரேக் போட்டாலும் இந்தக் கற்கள் நகர்ந்து கீழே உள்ள மயிர்களை இழுக்கும். ஆனால் இவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. தலை உண்மையிலேயே சாய்ந்ததா, வண்டி பக்கவாட்டில் தள்ளியதா என்று கற்களால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் இழுப்பு ஒன்றுதான். பிரித்தறியும் வேலை மூளையுடையது. அதற்குக் கண்ணின் சாட்சி வேண்டும்.

இரண்டு உறுப்புகளின் செய்தியும் எட்டாவது மண்டை நரம்பு வழியாக மூளைத்தண்டில், அதன் இரு பகுதிகளான பான்ஸும் முகுளமும் சேரும் இடத்தில் உள்ள சமநிலை உட்கருக்கள் என்ற நரம்புச் செல் கொத்துகளுக்குப் போகிறது. பக்கத்துக்கு நான்கு உட்கருக்கள். அங்கிருந்து ஒரு கிளை கண் தசைகளுக்கு, ஒன்று தண்டுவடம் வழியாகக் கழுத்துக்கும் கால்களுக்கும், ஒன்று சிறுமூளைக்கு. கண்ணுக்குப் போகும் பாதையில் மூன்றே நரம்புச் செல்கள், ஆகவே ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு அளவிலேயே வேலை முடிந்துவிடும். இதை இப்போதே சோதிக்கலாம். இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை நொடிக்கு இரண்டு தடவை இடம் வலமாக ஆட்டுங்கள், எழுத்து படிக்க முடியும். தலையை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் பக்கத்தை ஆட்டுங்கள், எழுத்து கலங்கிவிடும். முதல் தடவை காது கண்ணைத் திருத்தியது. இரண்டாவதில் கண் மட்டும் தனியாகத் துரத்திப் பார்த்தது.

இப்போது ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு வருவோம். ஆரம் 14 மீட்டர், பஸ் 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது என்று எடுத்துக்கொள்வோம். அரைவட்டத்தின் நீளம் 44 மீட்டர். கடக்கப் பத்தரை நொடி ஆகும். வளைவின் தொடக்கத்தில் கால்வாய்கள் "நொடிக்கு 17 டிகிரி சுற்றுகிறோம்" என்கின்றன. பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் எட்டில் ஒரு பங்கு, ஆகவே செவிக்கற்கள் "சுமார் 7 டிகிரி சாய்ந்துவிட்டோம்" என்கின்றன. மடியில் உள்ள போனையோ முன்சீட்டின் முதுகையோ பார்க்கும் கண், "எதுவும் நகரவில்லை, நிமிர்ந்துதான் இருக்கிறோம்" என்கிறது. ஒரே நேரத்தில் மூன்று வாக்குமூலம், ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. அடுத்த வளைவு எதிர்ப்பக்கம்.

அதே வளைவில் டிரைவர் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் என்ன ஆகும்? வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். 7 டிகிரி போலத் தோன்றிய சாய்வு 13 டிகிரியாகிறது. வாடகைக் காரில் போகிறவர்கள் டிரைவரிடம் கூச்சப்படாமல் "அண்ணா, வளைவுல கொஞ்சம் மெதுவா" என்று சொல்வதுதான், என் கணக்கில், எந்த மாத்திரையையும் விடச் சிறந்த மருந்து. மலை ரயிலைப் பாருங்கள்: 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள். ஆனாலும் பல்சக்கரப் பாதையில் அது சைக்கிள் வேகத்தில்தான் ஏறுகிறது, பக்கவாட்டுத் தள்ளல் உடம்புக்கு உறைப்பதேயில்லை.

ஆட்டத்தின் தாளமும் முக்கியம். சுமார் ஐந்து நொடிக்கு ஒரு முறை போய் வரும் மெதுவான ஆட்டமே மனிதரை மிக அதிகம் குமட்டவைக்கிறது. கப்பலின் தாளமும் அதுதான், அடுத்தடுத்து இடமும் வலமும் வளையும் மலைப்பாதையின் தாளமும் அதையொட்டித்தான். குண்டும் குழியுமான ரோட்டில் படபடவென்று குலுங்குவது எரிச்சலைத் தரும், குமட்டலை அந்த அளவுக்குத் தராது.

செய்திகள் முரண்படும்போது, சிறுமூளை முன்கூட்டி எதிர்பார்த்ததும் உண்மையில் வந்ததும் பொருந்தாமல் போகின்றன. அந்தப் பொருத்தமின்மை முகுளத்தில் உள்ள வாந்தி வலைப்பின்னலை எட்டுகிறது. மூளைத்தண்டிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு வயிற்றின் அசைவைத் தளர்த்துகிறது. உமிழ்நீர், வியர்வை, வெளிறல் எல்லாம் தானியங்கி நரம்பு மண்டலத்தின் கைவரிசை. காதுதான் மூலம் என்பதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு: இரண்டு பக்க உட்காதும் முற்றிலும் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை. காது கேளாதோரில் பலருக்குத் தலைசுற்றலே வருவதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882லேயே எழுதினார். இந்த உறுப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த மருத்துவர் ராபர்ட் பாரானிக்கு 1914க்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்டீயரிங் பிடித்தவருக்கு ஏன் குமட்டுவதில்லை? வளைவு வருமுன்பே அவர் மூளைக்கு அது தெரியும். கை திருப்பப்போகிறது என்ற உத்தரவின் நகல் சிறுமூளைக்குப் போய்விடும், ஆகவே காதிலிருந்து வரும் செய்தி அதிர்ச்சி தருவதில்லை. இன்னொன்றும் செய்கிறார், அவருக்கே தெரியாமல்: தலையை வளைவின் உள்பக்கம் சாய்க்கிறார். பயணிகளின் தலை வெளிப்பக்கம் தொங்குகிறது. இதை நீங்களும் வேண்டுமென்றே செய்யலாம். பாதையைப் பார்த்து, வலது வளைவு என்றால் வளைவு தொடங்கும் முன்பே தலையை மெல்ல வலப்பக்கம் சாயுங்கள். காசில்லாத வைத்தியம், பலனும் உண்டு.

இருக்கை விஷயத்தில் கறாராகச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சீட் வேண்டாம். அந்தப் பகுதி வளைவில் வெளிப்பக்கம் வீசும். முன் கண்ணாடி வழியாக ரோடு தெரியும் சீட் நல்லது. காரில் முன்சீட். கண் தூரத்து மலையிலோ வரப்போகும் வளைவிலோ நிற்கட்டும். பக்கத்து ஜன்னலில் விர்ரென்று ஓடும் மரங்களில் வேண்டாம். போன் பார்ப்பது இரட்டைக் கேடு. கண் ஒன்றும் நகரவில்லை என்று சொல்வது முதல் கேடு. குனிந்த தலை இரண்டாவது: வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போதே தலையைக் குனிந்தால், ஒரு கால்வாய் சுழற்சியின் தளத்தை விட்டு வெளியேற, இன்னொன்று உள்ளே நுழையும். நடக்காத ஒரு சுழற்சியை மூளை உணரும். கீழே விழுந்த பையை எடுக்கக் குனிவதும் அப்படித்தான். நேர்ப்பாதை வரும்வரை பை அங்கேயே கிடக்கட்டும்.

பனிமூட்டம் இறங்கிவிட்டால், அல்லது இரவில், வெளியே பார்க்க ஒன்றுமிருக்காது. அப்போது கண்ணை மூடித் தலையைச் சீட்டில் நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பொய்ச் சாட்சி சொல்லும் கண்ணைவிட மூடிய கண் மேல். தூங்கிவிட்டால் இன்னும் நல்லது.

வெறும் வயிறும் ஆகாது, பூரியும் வடையுமாய் நிரப்பிய வயிறும் ஆகாது. ஒரு மணிநேரம் முன்பு இரண்டு இட்லி போதும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போவதால் கெடுதல் இல்லை. டீசல் நாற்றத்தை மறைக்கும், அந்த நாற்றம் குமட்டலைக் கூட்டக்கூடியதுதான். இஞ்சி மரப்பா சிலருக்கு உதவுகிறது, அதை மட்டுமே நம்பிப் புறப்பட வேண்டாம். மெதுவான, சீரான மூச்சும் முகத்தில் படும் குளிர்காற்றும் உண்மையாகவே கைகொடுக்கும்.

மாத்திரையில்தான் மிக அதிகம் தவறு நடக்கிறது. சமநிலை உட்கருக்களிலும் வாந்தி வலைப்பின்னலிலும் செய்தி கடத்துபவை ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும். ஆகவே அவற்றைத் தடுக்கும் மருந்தே வேலை செய்யும்: புரோமெதசின் தியோகிளேட், டைமென்ஹைட்ரினேட், சின்னரிசின், மெக்லிசின் போன்றவை. மருந்துக்கடையில் "வாந்திக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டால் பல நேரம் ஒண்டான்செட்ரான் கிடைக்கும். அது செரோட்டோனின் என்ற இன்னொரு கடத்தியின் வழியை அடைக்கும் மருந்து. வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கும் நல்லது. பயணக் குமட்டலுக்குப் பயன் தராது. "பயணத்தில் வரும் வாந்திக்கு" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

நேரமும் தவறிப்போகிறது. குமட்டல் தொடங்கிவிட்டால் வயிறு மருந்தைச் சிறுகுடலுக்குத் தள்ளுவது மந்தமாகிவிடும். அப்போது விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடந்து வாந்தியோடு வெளியேறும். பெரியவர்களுக்கு புரோமெதசின் தியோகிளேட் 25 மில்லிகிராம் முந்தின இரவிலோ புறப்பட ஒன்றிரண்டு மணிநேரம் முன்போ. டைமென்ஹைட்ரினேட் 50 மில்லிகிராம் அரை மணி முதல் ஒரு மணிநேரம் முன்பு. இரண்டும் தூக்கம் தரும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, மதுவோடு சேர்க்கவே கூடாது. கண் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழ் குழந்தைக்கு புரோமெதசின் கொடுக்கவே கூடாது, மூச்சை அடக்கிவிடும். அந்த வயதில் பயணக் குமட்டல் அரிது என்பது ஒரு நிம்மதி. பள்ளிக்கூட வயதில்தான் அது உச்சத்தில் இருக்கும். பெரிய பிள்ளைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது, டாக்டர் சொல்லட்டும்.

கொட்டாவியும் எச்சிலும்தான் முதல் எச்சரிக்கை. அந்தக் கட்டத்திலேயே அகலமான இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, தரையில் நின்று பத்து நிமிடம் தூரத்தைப் பாருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால், உள்ளே செய்தித்தாள் மடித்து வைத்த தடித்த காகித உறை இரண்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். வாந்தி எடுத்தபின் ஒரேயடியாகத் தண்ணீர் குடிக்காமல், ஓ.ஆர்.எஸ் கரைசலை ஒவ்வொரு மடக்காகக் குடிக்க வேண்டும்.

ஊர் போய்ச் சேர்ந்து இளைப்பாறியபின் இதெல்லாம் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் இரண்டிரண்டாகத் தெரிவது, நாக்கு குழறுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பிடியில்லாமல் நிற்கவே முடியாதது, ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் மலைப்பாதையைக் காரணம் சொல்லிக் காத்திருக்காதீர்கள். சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைத்தாலும் தலைசுற்றலும் வாந்தியுமாகத்தான் தொடங்கும். 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

பலர் மறந்துவிடும் இன்னொன்று, இறங்கும் பயணம். டைமென்ஹைட்ரினேட் நான்கிலிருந்து ஆறு மணிநேரம்தான் தாங்கும். காலை ஏழு மணிக்குப் போட்டது மாலை நான்கு மணிக்குக் குன்னூரிலிருந்து இறங்கும்போது உடம்பில் இருக்காது. இறங்கும்போதும் அதே பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், கூடவே ஒவ்வொன்றிலும் பிரேக். மூன்று மணிக்கே அடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.