மென்பொருள் வானொலியில் அலைபரப்புத் திறன் குறைந்தால்

கிருஷ்ணகிரியில் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற நண்பர் ஒருவர், கணினி மென்பொருளின் துணையோடு அலையை உருவாக்கும் தம் ஹேக்ஆர்எஃப் ஒன் கருவியிலிருந்து 145 மெகாஹெர்ட்ஸில் போதிய திறன் வெளிவரவில்லை என்றதும், அதைத் தருமபுரிக்கு வரவழைத்துச் சோதித்தேன். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, திறனைத் தெரிந்த அளவுக்குக் குறைக்கும் 50 ஓம் அட்டெனுவேட்டர் வழியாகப் பவர் மீட்டரில் அளப்பதே முதல் வேலை. இல்லையெனில் கேபிளின் இழப்பும் ஆன்டெனாவின் பொருத்தமின்மையும் கருவியின் குறையாகவே தோன்றும்.

இந்த அதிர்வெண்ணில் அக்கருவி தரக்கூடியதே 5 முதல் 15 டிபிஎம், அதாவது ஏறத்தாழ 3 முதல் 30 மில்லிவாட்தான். மீட்டர் அதைவிடவும் மிகக் குறைவாகக் காட்டியது; கெயினை, அதாவது பெருக்க அளவை, உச்சமான 47 டெசிபெல்லுக்கு உயர்த்தியும் பயனில்லை.

காரணம், சிக்னலைக் கணினியில் உருவாக்கும் குனு ரேடியோ மென்பொருளில் இருந்தது. அங்கே சிக்னலின் வீச்சு, முழு அளவு 1 என்ற கணக்கில், 0.1 என வைக்கப்பட்டிருந்தது. வீச்சு பத்தில் ஒன்றானால் திறன் நூறில் ஒன்றாகிவிடும். அது 20 டெசிபெல் இழப்பு. தவிர, எண்களை மின்னலையாக்கும் 8 பிட் மாற்றியின் துல்லியமும் வீணாகிறது, இதைப் பலர் கவனிப்பதேயில்லை என்பது என் வருத்தம். வீச்சை 0.9 ஆக்கியதும் திறன் மீண்டது. 1-ஐத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, பக்கத்து அதிர்வெண்களில் கசியும்.

இதற்குமேல் திறன் வேண்டுவோர், வெளி ஆம்ப்ளிஃபயருடன் உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டரையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரு மடங்கு அதிர்வெண்ணான 290 மெகாஹெர்ட்ஸில் இரண்டாம் ஹார்மோனிக்கும் வலுப்பெற்று வெளியேறும்.