கணக்கில் யார் வருகிறார்கள்?

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை நாட்டளவில் அளப்பதற்கான குறிகாட்டிகளை வகுக்கும் குழுவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான் புள்ளியியல் துறையிலிருந்து போனவன். வரையறை, படிவம், சரிபார்ப்பு இதெல்லாம் என் பொறுப்பு. தொழிற்சங்கத்தினர், தணிக்கையாளர்கள், நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) மேலாளர்கள், சுற்றுச்சூழல் துறையினர் என்று பலரும் குழுவில் இருந்தார்கள். சமூகப் பொறுப்பு என்றால் என்ன என்பதில் பெரிய சண்டை எதுவும் வரவில்லை. சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 26000 வழிகாட்டுதல் 2010-லேயே அதை ஏழு தலைப்புகளாகப் பிரித்துவிட்டது: நிறுவன ஆளுகை, மனித உரிமை, தொழிலாளர் நடைமுறை, சுற்றுச்சூழல், நேர்மையான வணிகம், நுகர்வோர், சமூக ஈடுபாடு. அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். எதை எண்ணுவது, எப்படி எண்ணுவது என்று உட்கார்ந்தபோதுதான் குரல்கள் உயர்ந்தன.

முதலில் மேசைக்கு வந்தது செலவுத் தொகை. சுலபமாகக் கிடைக்கும் எண் அது. மொரீஷியஸ் 2009-இல், லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்கு ஒதுக்கும் விதியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சட்டம் இருக்கும் இடத்தில் கணக்கும் இருக்கும். கூட்டினால் ஒரு தேசிய எண் வந்துவிடும். ஆனால் அதே இந்திய விதிகளின்படி, வழக்கமான தொழில் நடவடிக்கைக்கான செலவும், தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவும் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது. அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு அது முற்றிலும் சரி. அளவுகோலாக எடுக்கும்போதுதான் சிக்கல். லாபத்தில் 2 சதவீதம் எங்கே போனது என்று தெரிகிறது; அந்த லாபம் எந்த வழியில் வந்தது என்பது தெரிவதில்லை. இந்தியாவும் இதைச் செலவுக் கணக்கோடு நிறுத்தவில்லை. சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிட்ட நிறுவனங்கள் ஒன்பது கோட்பாடுகளின் அடிப்படையில் தங்கள் நடத்தையைப் பற்றி 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக அறிக்கை தர வேண்டும் என்று தனியே வைத்திருக்கிறது.

அறிக்கைகளை எண்ணுவது அடுத்த சுலபமான வழி. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 12.6.1 என்ற குறிகாட்டி, நிலைத்தன்மை அறிக்கை (தங்கள் சமூக, சுற்றுச்சூழல் விளைவுகளைப் பற்றிய அறிக்கை) வெளியிடும் நிறுவனங்களின் எண்ணிக்கையைத்தான் கேட்கிறது. டென்மார்க் 2008-இல் இயற்றிய சட்டமோ பெரிய நிறுவனங்களிடம் ஒன்று கேட்டது: சமூகப் பொறுப்புக் கொள்கை இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்றாவது எழுதுங்கள். எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் மதிப்பு உண்டு. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எந்த இயக்குநர் குழுவுக்கும் லேசான காரியமில்லை. இருந்தாலும், எத்தனை அறிக்கைகள் வந்தன என்பதை வைத்து எத்தனை பேர் ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

சரி, நடத்தையையே அளப்போம் என்று இறங்கியபோது நான் அதிகம் மல்லுக்கட்டியது விபத்து விகிதத்தோடு. பார்த்தால் சாதாரணக் கணக்கு: காயங்களின் எண்ணிக்கையை வேலை செய்த மொத்த மணி நேரத்தால் வகுத்து ஒரு பொது எண்ணால் பெருக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தப் பொது எண் 2 லட்சம். நூறு பேர் வாரம் 40 மணி நேரம் வீதம் 50 வாரம் வேலை செய்தால் வரும் நேரம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வழக்கம் 10 லட்சம். 20 லட்சம் மணி நேரத்தில் பத்துக் காயம் பட்ட ஓர் ஆலை ஒரு கணக்கில் 1 என்று காட்டும், இன்னொன்றில் 5 என்று காட்டும். எது என்று குறிப்பிடாமல் எண்ணை மட்டும் அச்சிட்ட அறிக்கைகள் எங்களிடம் வந்தன. அதைத் திருத்த ஒரு வரி போதும். திருத்த முடியாதது வேறு இடத்தில் இருந்தது.

மாதிரிப் படிவத்தைச் சோதிக்க ஓர் ஆலைக்குப் போனோம். பாதுகாப்பு அதிகாரி பதிவேட்டை எடுத்து வைத்தார். சுத்தமான பதிவேடு, வேலைநாள் இழப்புக் காயங்கள் மிகச் சொற்பம். ஒப்பந்தத் தொழிலாளர்களின் காயங்கள் எங்கே என்று கேட்டபோது, அது ஒப்பந்ததாரரின் பதிவேடு என்றார். அது வாயிற்காவல் அறையில் கிடந்தது. பாதிப் பக்கங்களில் பெயர் மட்டும் இருந்தது, என்ன நடந்தது என்று எழுதப்படவில்லை. பொருள் கிடங்கில், விரலில் கட்டுப் போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கையுறைகளை எண்ணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள்தான் அடிபட்டிருக்கிறது. மறுநாளே ‘இலகு வேலை’ என்று வரவழைத்துவிட்டார்கள். வேலைக்கு வந்துவிட்டதால் அது வேலைநாள் இழப்பு இல்லை. இழப்பு இல்லாததால் படிவத்திலும் இல்லை. சட்டப்படி யாரும் பொய் சொல்லவில்லை. அந்த அதிகாரியும் கெட்ட மனிதர் இல்லை. தன்னிடம் கேட்ட எண்ணைக் கொடுத்தார். கிடங்கில் அடிபட்டவர் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் கையுறைகளை எடுத்ததைப் பார்த்த பிறகு, வரையறை என்பது வெறும் அலுவலக வேலை என்ற நினைப்பு எனக்கு அடியோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக நின்றோம். ஒன்று, எண்ண வேண்டியது வேலைநாள் இழப்பை அல்ல. முதலுதவிக்கு மேல் சிகிச்சை தேவைப்பட்ட எல்லாக் காயங்களையும். இரண்டு, சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டுமில்லாமல், அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் வேலை செய்யும் அனைவரும் கணக்கில் வர வேண்டும். நிலைத்தன்மை அறிக்கைகளுக்கு உலக அளவில் பயன்படும் ஜி.ஆர்.ஐ. தரநிலை 2018-இல் இந்தத் திசைக்குத்தான் வந்தது என்பது எங்களுக்குப் பெரிய பலம். எதிர்ப்பும் வந்தது: ஒப்பந்தக்காரர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று தங்களுக்குத் தெரியாது என்று சில நிறுவனங்கள் சொன்னன. வாயிலில் உள்ளே போகும் நேரமும் வெளியே வரும் நேரமும் பதிவாகின்றன. பில் தொகையைச் சரிபார்க்க அது பயன்படும்போது இதற்கு ஏன் பயன்படாது?

அப்புறம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண், ஒரே தரவரிசை வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். நான் கடைசி வரை எதிர்த்தேன். சமூகச் செலவில் 90, தொழிலாளர் பாதுகாப்பில் 10 எடுத்த நிறுவனமும், இரண்டிலும் 50 எடுத்த நிறுவனமும் கூட்டுச் சராசரியில் சமமாக வந்து நிற்கும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணும் பெருக்குச் சராசரி எடுத்தால் முதலாவது 30-க்கு இறங்கிவிடும். இரண்டாவது 50-லேயே இருக்கும். ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீட்டெண் 2010-இல் பெருக்குச் சராசரிக்கு மாறியதற்குக் காரணமும் இதுதான்: ஒன்றின் குறையை இன்னொன்றின் நிறை முழுக்க மூடிவிடக் கூடாது. அது நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் உடைந்த விரலையும் நட்ட மரத்தையும் எந்தச் சராசரியில் போட்டாலும் அது நியாயமான கணக்கு என்று என் மனம் ஒப்பவில்லை. தலைப்புக்குத் தலைப்பு தனித்தனியாகவே வெளியிடுவது என்று முடிவானது. நாளிதழ்களுக்கு அது பிடிக்காது, தலைப்புச் செய்தி கிடைக்காது. பரவாயில்லை.

புகார்களின் எண்ணிக்கையும் எங்களை நன்றாக அலைக்கழித்தது. புகாரே இல்லாத நிறுவனத்துக்கு முழு மதிப்பெண் தருவதா? பேசப் பயப்படும் இடத்திலும் புகார் வராது. அதனால் எண்ணிக்கையைத் தனியே போடாமல், குறித்த காலத்துக்குள் தீர்க்கப்பட்டவை எத்தனை, புகார் சொல்லும் வழியைத் தெரிந்துவைத்திருக்கும் தொழிலாளர்கள் எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் கூடவே கேட்டோம். இரண்டாவது கேள்வியை நிறுவனத்திடம் கேட்கக் கூடாது, தொழிலாளர்களிடமே கேட்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும். அந்த ஒதுக்கீட்டுக்காகப் பட்ட பாடு தனிக் கதை.

இதில் இன்னும் முடியாமல் இருப்பது சிறு தொழில்கள் பற்றிய பகுதி. பெரும்பாலான நாடுகளில் அதிகமான வேலைகள் சின்ன நிறுவனங்களில்தான் இருக்கின்றன. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையிடம் நீண்ட படிவத்தை நீட்டுவது கொடுமை. அதனால் அவர்களிடம் கேட்காமல், அவர்களிடம் வாங்கும் பெரிய நிறுவனங்களிடம் ஒன்றைக் கேட்கலாம் என்று முன்மொழிந்தேன்: வாங்கிய பொருளுக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் கொடுக்கிறீர்கள்? பிரிட்டனில் 2017 முதல் பெரிய நிறுவனங்கள் இந்த எண்ணை ஆண்டுக்கு இருமுறை வெளியிட வேண்டியிருக்கிறது. பணம் தாமதமானால் பட்டறையில் சம்பளம் தாமதமாகிறது. அதன் பிறகு பாதுகாப்புச் செலவு, காப்பீடு எல்லாம் தள்ளிப்போகிறது. ஒரு சிறுநிறுவனத்தில் என்ன நடக்கிறது என்பதை இவ்வளவு மலிவாகக் காட்டும் எண்ணை நான் வேறு பார்த்ததில்லை.

நாட்களை எந்தத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் இப்போது பேச்சு நிற்கிறது. பில்லை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து என்கிறார்கள் வாங்குபவர்கள். பில்லை ஏற்காமலே வாரக்கணக்கில் வைத்திருக்க முடியும் என்பது எங்களுக்குத் தெரியும். பொருளைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று வரைவில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதில் இறங்கிவர எனக்கு விருப்பமில்லை.