செவ்வாய்க்கிழமை மாலை ஒரு பைன்ட்

ஊரிலிருந்து வரும் நண்பர்களுக்கு லண்டன் பப் என்றால் சனிக்கிழமை இரவு, சோஹோ, தெருவரை வழியும் கூட்டம். நான் அவர்களைச் செவ்வாய்க்கிழமை மாலை, தென் லண்டன் நன்ஹெட்டில் இருக்கும் ஐவி ஹவுஸ் என்ற பப்புக்கு அழைத்துப் போவேன். மரப்பலகை பதித்த சுவர்கள், உள்ளே ஒரு மேடை, ஓரத்தில் பேப்பர் படிக்கும் பெரியவர், மேசைக்கடியில் யாருடைய நாயோ. டாஸ்மாக்கை மட்டுமே பார்த்தவர்களுக்கு, கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்து அரை பைன்ட் பீர், அதாவது கால் லிட்டருக்குச் சற்று மேல், கேட்பதே பெரிய ஆச்சரியம்.

அந்தப் பப் 2012-ல் மூடப்பட்டு விற்பனைக்கு வந்தது. அக்கம்பக்கத்தார் விடவில்லை. முதலில் கட்டடத்துக்குப் பாரம்பரியப் பாதுகாப்பு வாங்கினார்கள். அப்புறம், 2011-ல் வந்த சட்டத்தின்படி நாட்டிலேயே முதல் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று பதிவு செய்தார்கள். அதனால் பணம் திரட்ட அவகாசம் கிடைத்தது. 371 பேர் பங்கு வாங்கி, 2013-ல் மறுபடியும் திறந்தார்கள்.

சரி, ஏன் செவ்வாய்க்கிழமை? இங்கே பீப்பாயிலிருந்து ஊற்றும் கேஸ்க் ஏல் உயிருள்ள பீர். பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். நிலவறையில் 12 டிகிரி அளவில் வைத்து, கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். ஒரு ஃபர்கின் பீப்பாயில் 72 பைன்ட். திறந்துவிட்டால் காற்று பட்டு, மூன்று நாளில் சுவை இறங்க ஆரம்பிக்கும். வார இறுதியில் அது தானாகத் தீர்ந்துவிடும். வாரத் தொடக்கத்தில் திறந்த பீப்பாய்க்குத்தான் ஆள் வேண்டும். ஆள் வராவிட்டால் பீர் புளிக்கும். புளித்ததைக் குடித்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். கடை நடத்துபவர் ஒரு கைப்பம்பை நிறுத்துவார், பிறகு இன்னொன்றை.

2000-ல் பிரிட்டனில் 60,000-க்கு மேல் பப்கள் இருந்தன. இப்போது சுமார் 45,000. 2007-ல் இங்கிலாந்தில் வந்த புகைத் தடை, சூப்பர்மார்க்கெட்டின் மலிவு பீர், மின்கட்டணம், வரி என்று எல்லாமே காரணம்தான். எனக்குக் கோபம் வருவது குத்தகை முறையைப் பார்த்துத்தான். பல பப்களில் கல்லாவில் நிற்பவர் உரிமையாளர் இல்லை, பப் ஒரு பெரிய நிறுவனத்தினுடையது. வாடகையும் கட்ட வேண்டும். பீரையும் அந்த நிறுவனம் சொல்லும் இடத்தில், பெரும்பாலும் வெளிச்சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். பப்களையும் தாங்களே வைத்திருந்த பெரிய பீர் ஆலைகளின் பிடியைத் தளர்த்தத்தான் 1989-ல் அரசு உத்தரவு போட்டது. அந்த ஆலைகள் விற்ற ஆயிரக்கணக்கான பப்கள் கடன் வாங்கி வளர்ந்த நிறுவனங்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. கடன் கழுத்தை நெரித்தபோது, ஓடிக்கொண்டிருந்த பப்களும் நிலமாக விலைபோயின.

லண்டனிலேயே கில்பர்ன் பக்கம் கார்ல்டன் டாவர்ன் என்று 1920களின் தொடக்கத்தில் கட்டிய பப் ஒன்று உண்டு. 2015 ஏப்ரலில், பாதுகாப்புப் பட்டியலில் சேர இருந்த சமயத்தில், அனுமதியே இல்லாமல் புல்டோசர் விட்டு இடித்தார்கள். அந்தப் பகுதியின் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில், முன்பு இருந்தபடியே திரும்பக் கட்டச் சொன்னது. 2021-ல் திறந்தது. பழைய செங்கல்லும் புதுச் செங்கல்லும் சேர்ந்த அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கவே நான் போனேன். அடம்பிடித்து ஜெயித்த அந்தத் தெருக்காரர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

ஆனால் பழைய பப் எல்லாமே எல்லோரையும் வரவேற்றது என்று நான் எழுதினால் அது பொய். 1960களில் பர்மிங்ஹாம் பக்கத்து ஸ்மெத்விக்கில் இந்தியர்களைச் சில அறைகளுக்குள் விடாத பப்கள் இருந்தன. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் அங்கே வந்து அதை நேரில் பார்த்துவிட்டுப் போனார். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிட்டிஷ் சட்டம் அதே ஆண்டு வந்தது. பிறகு அந்த வட்டாரத்தில் பஞ்சாபிகளே பப்களை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். மூடிப்போயிருக்க வேண்டிய பல இடங்கள் இன்று தேசி பப்களாக ஓடுகின்றன. இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும், பலவகை இறைச்சியைச் சுட்ட மிக்ஸ்ட் கிரில், அதற்கு மேல் வெங்காயம், எலுமிச்சை. பக்கத்து மேசையில் அந்த ஊர் வெள்ளைக்காரத் தாத்தாக்களும் அதையேதான் சாப்பிடுகிறார்கள். பர்மிங்ஹாம் பக்கம் போகிறவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாளாக இருந்தால் இன்னும் நல்லது.