ஏலகிரி: 14 வளைவு, 800 ரூபாய் ஆட்டோ, ஒரு களி உருண்டை

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். வலி போனால் கோபமும் போய்விடும், அப்புறம் எழுத மாட்டேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் பிறந்து 38 வருஷமாக வெயில் குடித்தவன் நான். எங்கள் ஆட்களுக்கு ஏலகிரி என்றால் "எங்க போய்டப் போவுது, அப்பால பாத்துக்கலாம்". பழைய வட ஆற்காட்டு மலை. 2019 நவம்பர் வரைக்கும் வேலூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது திருப்பத்தூர் மாவட்டம். காலேஜ் நாளில் இரண்டு முறை பைக்கில் போய், ஏரியில் போட் மிதித்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கியதோடு சரி. இந்த முறை அக்காவும் அவள் பையன் கவினும் கூட. ஏழாவது படிக்கிறான், கேள்வி கேட்டே ஆளைக் கொல்வான்.

ஒரு ராத்திரி தங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். சனிக்கிழமைக்கு ரூம் வாடகை கேட்டதும் அந்த ஆசை செத்தது. "ஏழைகளின் ஊட்டி" என்று பேர் வைத்தவர் சனிக்கிழமை ரூம் கேட்டதில்லை போலிருக்கிறது. புதன்கிழமை பையனுக்குப் பள்ளியில் உள்ளூர் விடுமுறை. காலையில் போய் ராத்திரிக்குள் வீடு. மூன்று பேருக்கும் சேர்த்து 1,500 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஏலகிரி எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் இருக்கிறது, பேரைப் பார்த்து ஏறிவிடாதீர்கள். சாயங்காலம் சென்னையில் கிளம்பி ராத்திரியில் ஜோலார்பேட்டையில் இறக்கிவிடும். அந்நேரத்துக்கு மலைக்குப் பஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. அது சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களின் வண்டி. நாங்கள் காலையில் காட்பாடியில் ஏறினோம். 84 கிலோமீட்டர், டிக்கெட் காசு ஒரு டீ, வடைக்கு ஆகிற செலவுதான். ஆம்பூர் வந்ததும் அக்கா "இறங்கி பிரியாணி சாப்ட்டு போலாமாடா" என்றாள். காலை ஏழரை மணிக்கு!

ஜோலார்பேட்டையிலிருந்து அரசு பஸ். அடிவாரத்துப் பொன்னேரி தாண்டினால் மலைப்பாதை, 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பேர்ப்பலகை உண்டு: பாவேந்தர், பாவலர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள் எட்டுப் பேர், பிறகு பாரி, காரி, ஓரி, அதியமான், நள்ளி, பேகன் என்று வள்ளல்கள் ஆறு பேர். கவின் ஜன்னலில் தொங்கிக்கொண்டு எண்ணினான்.

"மாமா, கடையேழு வள்ளல்தானே? ஆறுதான் வருது. ஆய் எங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? பின் சீட்டில் ஒருத்தர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், நான் அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பதில் மும்முரமாக இருந்தேன். கீழே ஜோலார்பேட்டைத் தண்டவாளங்கள் பிரித்துப் போட்ட ஜடை மாதிரி தெரிந்தன. 2019 ஜூலையில் சென்னை தாகத்தில் தவித்தபோது 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் புறப்பட்டது இந்த ஸ்டேஷனிலிருந்துதான். அதைப் பையனுக்குச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அடுத்த வளைவு வந்துவிட்டது.

அத்தனாவூரில் இறங்கியதும் காதில் மஃப்ளர் கட்டிய ஓர் ஆட்டோக்காரர் வந்து நின்றார். "எண்ணூறு குடு சார். ஏரி, பார்க்கு, முருகன் கோயிலு, நிலாவூரு, எல்லாம் சுத்திக் காட்றேன்."

எண்ணூறா! மொத்த ஊரும் ஒரு சமவெளி, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடந்தே போய்விடலாம். நான் 300 என்றேன். "மலை சார் இது, பெட்ரோல் மேல ஏறி வர்து இல்ல?" என்றார். பெட்ரோல் ஏறி வருவதற்கும் நான் காசு கொடுக்க வேண்டுமாம். 600 வரை இறங்கினார், அதற்கு மேல் இறங்கவில்லை. "நடந்தா சாயங்காலம் நீங்களே என்னைத் தேடி வருவீங்க" என்று சாபம் வேறு. வீம்புக்கு நடக்க ஆரம்பித்தோம்.

புங்கனூர் ஏரி பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. மனிதர்கள் வெட்டிய ஏரி, சுற்றி நடைபாதை, போட், பக்கத்தில் இயற்கைப் பூங்கா. குழந்தைகளுக்குப் பிடிக்கும். பத்து மணிக்கு முன்னால் நிஜமாகவே அழகுதான், தண்ணீரின் மேல் பனி ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. பிறகு ஒரு டூரிஸ்ட் வேன் வந்தது, ஸ்பீக்கரோடு. நாங்கள் கிளம்பிவிட்டோம். ஏரியை மட்டும் பார்த்துவிட்டு "ஏலகிரில ஒண்ணும் இல்லபா" என்று சொல்கிறவர்களில் நானும் ஒருத்தன், 15 வருஷமாக. தப்பு என்னுடையது.

போக வேண்டிய இடம் சுவாமிமலை. கும்பகோணத்து சுவாமிமலை இல்லை. இந்த மலையின் உச்சி, 4,300 அடிக்கு மேல். மங்கலம் என்ற சிற்றூரிலிருந்து ஒற்றையடிப் பாதை, ஏறுவதற்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பாதை ஆரம்பிக்கும் இடத்தில் சீத்தாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஆயாவிடம் மேலே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"இன்னா கீது? ஒரு கோயிலு கீது. காத்து கீது. போய்ட்டு வா."

இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முதல் பாதி மரநிழல், காலடியில் ஈரச் சருகு, அது சத்தம் போடாமல் வழுக்கும். நான் உட்கார்ந்தது இரண்டு முறை, கவின் சிரித்தது இரண்டு முறை. கடைசிப் பகுதி மொட்டைப் பாறை. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினாள், 44 வயதில். நான் ஷூ போட்டுக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

உச்சியில் சின்னக் கோயில், எங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. காற்று சட்டையைப் பலூனாக்கியது. எதிரே ஜவ்வாது மலை நீலமாக நீண்டு கிடந்தது. காவலூர் வானாய்வகமும் 1986-இல் திறந்த அதன் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் அந்த மலையில்தான். அடுத்த பயணம் அங்கே என்று கவின் அங்கேயே முடிவு செய்துவிட்டான். காசு யார் கொடுப்பது என்று கேட்கவில்லை.

இறங்கியதும் பசி என்றால் அப்படி ஒரு பசி. மங்கலத்துக்குச் சற்றுத் தள்ளி, வீட்டு வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்ட ஒரு கடை. அங்கே சோறு தீர்ந்துவிட்டது, களிதான் என்றார்கள். நல்லவேளை தீர்ந்தது! தட்டில் கருத்த கேழ்வரகுக் களி உருண்டை, வழவழவென்று ஆவி பறக்க வந்தது. நடுவில் கட்டை விரலால் குழி செய்து அதில் கீரைக் கடைசலை ஊற்றினார் அந்தம்மா. பூண்டை முழுசாகப் போட்டுக் கடைந்திருந்தார்கள், பல்லில் சிக்கும்போது இனித்தது. ஓரத்தில் சுட்ட கருவாடு, ஒரு பச்சை மிளகாய். பீட்சா இல்லாமல் வாழாத பயல் இரண்டாவது உருண்டை கேட்டான். களியை மெல்லக்கூடாது, அப்படியே விழுங்கணும் என்று அக்கா அவனுக்குப் பாடம் எடுத்தாள். மூன்று பேருக்கு 200 ரூபாய். வேலூரில் இந்தக் காசுக்கு ஒரு நல்ல பிரியாணி வந்தால் பெரிது.

ஜலகாம்பாறை அருவி போகவில்லை. நிலாவூர்ப் பக்கமிருந்து காட்டு வழியாக இறங்கலாம், ஆனால் என் முட்டி அப்போதே ராஜினாமா கொடுத்திருந்தது. ரோடு வழியாக என்றால் மலையிறங்கி திருப்பத்தூர் போய்ச் சுற்ற வேண்டும்.

சாயங்காலம் அத்தனாவூர் பஸ் நிறுத்தம். அரை மணி, முக்கால் மணி, பஸ்ஸைக் காணோம். இருட்டிக்கொண்டு வந்தது, குளிர் வேறு. அப்போது யார் வந்தார் என்று நினைக்கிறீர்கள்?

"இன்னா சார், சாமிமலை ஏறிட்டியா?" அதே மஃப்ளர். பொன்னேரிக்கு 350 என்றார். பேரம் பேச எனக்குத் தெம்பில்லை, அக்காதான் 250-இல் நின்றாள். அவர் 300-க்கு இறங்கினார். கடைசியில் 250.

இறங்கும்போது கவின் ஆரம்பித்தான். "அண்ணா, ஏழு வள்ளல்ல ஆய் பேரு மட்டும் ஏன் இல்ல?"

ஆட்டோக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே யோசித்தார். "பதினாலு வளைவுதான்பா கீது. அவருக்கு எடம் பத்தல."

பொன்னேரியில் 300 ரூபாய் நீட்டினேன். பையைத் தடவினார், மறுபடி தடவினார். "சில்ற இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கவின் என்னைப் பார்த்தான். "மாமா, ஏழாவது வள்ளல் நீதான்."