இரண்டு சொட்டுக்கு மூன்று நடை

மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக்கொள்ள ஒரு மனுஷன் மூன்று தடவை அலைய வேண்டுமா? நான் அலைந்தேன்.

நாள் முழுக்க ஏ.சி.யில் வேலை. மூக்கு காய்ந்து, காலையில் சிந்தினால் பொருக்கோடு ரத்தக் கோடும் வரும். காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை, வெறும் வறட்சிதான் என்றார். சரி, மூக்கில் மருந்தெண்ணெய் விடும் நசியம் செய்து பார்க்கலாம் என்று ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போன் செய்தேன். "காலையில பத்து மணிக்கு வாங்க சார்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள்.

போன அன்று எனக்கு இரண்டு நாளாகச் சளி. மூக்குப் பிரச்சினைதானே, சளியோடு போனால் இன்னும் நல்லது என்பது என் கணக்கு. வைத்தியர் என் குரலைக் கேட்டதுமே, புதிதாகப் பிடித்த சளியில் நசியம் கூடாது, விட்டதும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். வயிறு நிறையச் சாப்பிட்டு, தலைக்குக் குளித்து, பளிச்சென்று. அதுவும் தப்பு, ஒன்றல்ல, இரண்டு தப்பு. சாப்பிட்ட கையோடும் செய்யக் கூடாதாம், தலைக்குக் குளித்த கையோடும் கூடாதாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று வரவேற்பில் கேட்டேன். "நீங்க கேக்கலையே சார்." கேட்பதற்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மூன்றாவது நடையில் கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. முகத்தில் எண்ணெய் தடவல், கொஞ்சம் ஆவி, அப்புறம் சொட்டு. இனி வீட்டிலேயே தினமும் செய்யலாம் என்று வைத்தியர் அணு தைலம் என்ற மூக்கில் விடும் எண்ணெயை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபின் நடந்த கூத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. எண்ணெயை இளஞ்சூடாக்க வேண்டும் என்றாரே என்று கரண்டியில் ஊற்றி அடுப்பில் காட்டினேன். நல்லவேளை, முதலில் விரலை விட்டுப் பார்த்தேன். கொப்புளம் விரலோடு போயிற்று. குப்பியை வெந்நீர்க் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தாலே போதும். புறங்கையில் ஒரு சொட்டு விட்டால் சூடு தெரிந்துவிடும்.

அடுத்த நாள் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு பக்கத்துக்கு எட்டுச் சொட்டு என்று இரண்டு நாசியிலும் விட்டு, "சர்ர்" என்று உறிஞ்சினேன். தொண்டையில் கசப்பு இறங்கிய அதே நொடியில் புரை ஏறி, அரை மணி நேரம் இருமல். டாக்டராக இருக்கும் நண்பன் போனிலேயே பிடிபிடியென்று பிடித்தான். எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலில் இறங்கினால் அது லேசில் வெளியே வராது, அடிக்கடி அப்படி ஆனால் 'லிபாய்டு நிமோனியா' என்ற ஒன்று வரும் என்றான். வைத்தியரிடம் கேட்டபோதுதான் விளங்கியது: வீடியோவில் இருந்தது மர்ஷ நசியம், வைத்தியர் பக்கத்தில் இருந்து செய்வது. அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல் அதற்கு 6, 8, 10 துளி என்று அளவு சொல்கிறது. நாமே தினமும் செய்துகொள்வது பிரதிமர்ஷம். அதற்கு இரண்டே துளி. எனக்குச் சொன்னதும் இரண்டுதான். நான்தான் காதில் வாங்கவில்லை.

இப்போது செய்வது இதுதான். மல்லாந்து படுத்து, கழுத்துக்கடியில் மடித்த துண்டு. ஒரு நாசியை விரலால் மூடி மற்றதில் இரண்டு சொட்டு, அப்புறம் மாற்றி. சொட்டுக்குழாயின் நுனி மூக்கில் படக் கூடாது, பட்டால் குப்பி முழுக்கக் கிருமி. மெதுவாக மூச்சு, நூறு எண்ணும் வரை எழுந்திருப்பதில்லை. தொண்டைக்கு வருவதை விழுங்காமல் துப்பிவிட்டு வெந்நீரில் கொப்பளிக்கிறேன். துப்புவதற்குக் கிண்ணத்தை முன்கூட்டியே பக்கத்தில் வையுங்கள். வாயை மூடிக்கொண்டு குளியலறைக்கு ஓடிய அனுபவம் எனக்குண்டு.

மூன்று வாரம் ஆகிறது. பொருக்கு குறைந்துவிட்டது, கைக்குட்டையில் சிவப்பு இல்லை. தலைபாரம் போகும், தூக்கம் வரும் என்றெல்லாம் சொன்னார்கள். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

போன வாரம் குப்பி வாங்கப் போனபோது வரவேற்பறையில் புதிதாக ஒருவர், கையில் கைக்குட்டையோடு. நசியத்துக்கா என்று கேட்டேன். ஆமாம் என்றார். சாப்பிட்டீர்களா என்றேன்.

"ஓ, வயிறு நிறைய."